கண்ணாடியா, கண்ணா, மண்டையா?

வாசகர் கேள்வி–பதில். பதில் எழுதுபவர் திருகோணமலையில் 31 வருடம் கண் கிளினிக்கில் பார்வை பரிசோதித்து ஓய்வுபெற்றவர். வயது 63. இன்னமும் கார் ஓடுகிறார்.

*

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 36 வயது. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து பழைய அல்டோவில் தனியாக உவர்மலை வீட்டுக்கு வருவேன். ஆறேழு மாதமாக லைட் என்னைக் கொல்லுது. எதிரில் ஒரு வாகனம் வந்தால் சமாளிப்பேன். ஆனால் அலஸ்தோட்டம் தாண்டிய பிறகு கடை லைட், போர்டு லைட், ஓட்டோ லைட், பஸ்ஸில் நீலமும் பச்சையுமாக ஓடுகிற லைட் எல்லாம் ஒன்றாக வரும்போது மண்டைக்குள் பத்துப்பேர் நின்று கத்துகிற மாதிரி இருக்கு. கை வியர்க்குது, மூச்சுப் பிடிக்குது. எது றோட்டு, எது கடை என்று பிரிக்க ஏலாமல் போகுது. கண் காட்டினேன். 6/6, ஒரு பிழையும் இல்லை என்றார்கள். வீட்டுக்காரர் "உனக்குப் பயம், ஓட ஓடச் சரிவரும்" என்கிறார். லைட்டைச் சமாளிக்க வழி சொல்லுங்கள்.

பி.கு: சூப்பர்மார்க்கெட்டில் தட்டுகளுக்கு நடுவில் நடந்தாலும் இப்போது தலை சுத்துது. தை மாதம் ஸ்கூட்டியில் விழுந்து தலையில் சின்ன அடி பட்டது. ஸ்கான் எல்லாம் கிளியர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

— வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான் பின்குறிப்பிலிருந்துதான் வாசிக்கத் தொடங்கினேன். கிளினிக்கில் பழகிய பழக்கம். எழுத்துப் பலகை முழுக்க வாசித்து, துண்டையும் வாங்கிக்கொண்டு, கதவில் கை வைத்தபடிதான் ஆட்கள் சொல்வார்கள்: "பிறகு மிஸ், இன்னொரு சின்ன விசயம்." மூன்று மணித்தியாலம் வாங்கில் காத்திருந்தது அந்தச் சின்ன விசயத்துக்காகத்தான் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

உங்கள் சின்ன விசயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த 6/6. வெளிச்சமான அறையில் அசையாமல் இருந்து, வெள்ளைப் பலகையில் உள்ள கறுப்பு எழுத்தை ஆறு மீற்றர் தூரத்திலிருந்து வாசித்ததற்குக் கிடைத்த புள்ளி அது. நிலாவெளி றோட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு யாரும் வெள்ளைப் பலகை பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சூடு ஆறாத தாரில் கறுத்த மாடு படுத்திருக்கும். லைட் இல்லாத சைக்கிளில் மீன்பெட்டியோடு ஒருவர் வருவார். மங்கலிலிருந்து மங்கலைப் பிரிக்க முடிகிறதா, கண் கூசிய பிறகு பார்வை திரும்ப எத்தனை செக்கன் எடுக்கிறது, இதெல்லாம் அந்தப் பலகை கேட்காத கேள்விகள். நானே ஆயிரக்கணக்கான பேருக்கு 6/6 எழுதிக் கொடுத்தவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

ராத்திரி லைட் தொல்லை என்று வருகிற எவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். தொல்லை முன்கண்ணாடியிலா, கண்ணிலா, மண்டையிலா? வீட்டு வாசலிலேயே பாதி விடை கிடைக்கும். காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைப் பாருங்கள். விளக்கிலிருந்து கோடுகோடாக இழுபடுகிறதா? தலையைத் தோள்பக்கம் சரியுங்கள். கோடும் கூடவே சரிந்தால் அது உங்கள் கண்ணில் பிறந்த கோடு. நீங்கள் சரிந்தும் கோடு அப்படியே நின்றால் அது வைப்பர் கண்ணாடியில் கீறி வைத்த கோடு. பிறகு பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி அதே விளக்கைப் பாருங்கள். கூச்சம் பாதியாகக் குறைந்தால் கண்ணாடிதான் குற்றவாளி. கடைசியாக, நன்றாக நாலு தரம் கண்ணைச் சிமிட்டுங்கள். சிமிட்டியதும் தெளிந்து, இரண்டு மூன்று செக்கனில் மறுபடி கலங்கினால் கண்ணீர்ப் படலம் வரண்டு கிடக்கிறது. நாள் முழுக்க ஏசி அறையில் கணினியைப் பார்க்கிறவருக்கு அது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கண்ணாடி விசயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு சாபம் இருக்கிறது. கச்சான் அடிக்கிற மாதங்களில் புழுதி, வாடைக்காற்றில் உப்பு. கடற்கரை ஹோட்டல் வாசலில் எட்டு மணித்தியாலம் நிற்கிற கார் மேல் மெல்லிசாக ஒரு உப்புப் படலம் படியும். பகலில் தெரியாது. ராத்திரி எதிர் லைட் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஒரு போத்தல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உள்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் வெந்து விடுகிற ஆவி அங்கே எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்திருக்கும். பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு துளி, தண்ணீர், பழைய பனியன் துணி, பிறகு காய்ந்த துணி. வாரத்துக்கு ஒரு தரம் போதும். என் காரில் இது ஞாயிற்றுக்கிழமை வேலை, மீன் வெட்டுவதற்கு முன்.

கண். இருட்டில் கண்மணி விரியும். பகலில் பயன்படாத வில்லையின் ஓரங்கள் வழியாகவும் வெளிச்சம் உள்ளே வரும். பகலில் பொருட்படுத்தாமல் விட்ட கால், அரை சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குப் போடுகிற பவர்) அப்போதுதான் வேலையைக் காட்டும். சிலருக்கு இருட்டில் மட்டும் கொஞ்சம் கிட்டப்பார்வையும் வரும். "ராத்திரி ஓடுகிறேன், சிலிண்டரைச் சரியாகப் பாருங்கள்" என்று கேட்டு இன்னொரு தரம் பரிசோதியுங்கள். கண்ணாடி போடச் சொன்னால், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத பூச்சு உள்ளதாக எடுங்கள். பூச்சில்லாத சாதாரண வில்லை முன்னும் பின்னுமாக ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு வெளிச்சத்தைத் தெறிக்க வைக்கும். பின்னால் வருகிற லொறியின் லைட்கூட வில்லையின் உட்பக்கத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கு வரும்.

இனி மண்டை. இதைச் சொல்ல என் கதையைச் சொல்ல வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு ராத்திரி மருந்து வாங்க இறங்கினேன். உவர்மலையிலிருந்து டவுன் வரை கும்மிருட்டு. எதிரில் ஒரேயொரு வாகனம். அதன் லைட் ஊசி மாதிரிக் குத்தியது, றோட்டே தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். வெளிச்சம் அதே வெளிச்சம்தான். சுற்றியிருந்த இருட்டுத்தான் அதைப் பத்து மடங்காக்கியது. ஆனால் மனம் அமைதியாக இருந்தது. வாகனம் போனது, கண் தெளிந்தது, நானும் போனேன்.

அதற்கு அடுத்த வருடம் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா நேரம். வளைவு வளைவாக ஓடுகிற பல்புகள், ஐஸ்கிறீம் வான், பலூன்காரனின் கையில் மின்னுகிற குச்சிகள், ஓட்டோக்கள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, ஒன்றும் கூசவில்லை. அப்படியிருந்தும் என்னால் ஓட முடியவில்லை. ஒவ்வொரு வெளிச்சமும் "என்னைப் பார், என்னைப் பார்" என்றது. காரை ஓரங்கட்டி, ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தேன். மகன் "அம்மா, அங்க ஒண்டுமே இல்லையே" என்றான். 19 வயதிலிருந்து ஒற்றைத் தலைவலிக்காரி நான். அன்றைக்குச் சரியான நித்திரையும் இல்லை.

மின்வெட்டு ராத்திரியில் நடந்தது கண் கூச்சம். கண்ணுக்குள் வெளிச்சம் சிதறிப் பார்வைக்கு மேலே திரை போட்டுவிடும். திருவிழா ராத்திரியில் பார்வை சரியாக இருந்தது, வந்ததையெல்லாம் வடிகட்டுகிற இடம்தான் நிரம்பி வழிந்தது. மூளை தேவையில்லாத வெளிச்சங்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை எங்களுக்குத் தருகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர், ஓட்டிசம் உள்ளவர், நித்திரை கெட்டவர், தலையில் அடிபட்டவர், இவர்களுக்கு அந்த வடி சீக்கிரம் அடைக்கும். கை வியர்ப்பதும் மூச்சுப் பிடிப்பதும் அதற்குப் பிறகு வருகிறவை. உங்கள் வீட்டுக்காரர் பின்னால் வந்ததைப் பார்த்துவிட்டு அதுதான் காரணம் என்கிறார்.

தை மாதம் விழுந்தீர்கள். ஆறேழு மாதமாக லைட் பிரச்சினை. கணக்குப் பிரிவில் இருக்கிறவருக்கு இந்தக் கூட்டலை நான் செய்து காட்ட வேண்டுமா?

ஸ்கான் கிளியர் என்றால் உள்ளே இரத்தம் கசியவில்லை, எலும்பு வெடிக்கவில்லை என்று அர்த்தம். மூளை குலுங்கியது ஸ்கானில் தெரியாமலே இருக்கலாம். அப்படிக் குலுங்கிய பிறகு வெளிச்சம் தாங்காமை, தலைச்சுற்று, சனமும் சாமானும் நிறைந்த இடத்தில் குழப்பம் எல்லாம் வரும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். சூப்பர்மார்க்கெட் தட்டுகளுக்கு நடுவில் தலை சுற்றுவது இந்த ஆட்கள் வழக்கமாகச் சொல்கிற முறைப்பாடு. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் கண்ணும் சொல்வது ஒத்துப்போகவில்லை என்பதற்கான அடையாளம் அது. இதற்கென்று தலை, கண் அசைவுப் பயிற்சிகள் இருக்கின்றன. பிசியோதெரபியில் சொல்லித் தருவார்கள். ஆகவே கண் கிளினிக்குக்கு மறுபடி போவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது விழுந்த கதையை முதல் வசனமாகச் சொல்லுங்கள். கதவில் கை வைத்துக்கொண்டு அல்ல.

அதுவரை ராத்திரி ஓட வேண்டாம். நீங்கள் கேட்டது வழி. நான் சொல்வது தடை. கோபம் வரும் என்று தெரியும். ஆனால் எது றோட்டு, எது கடை என்று பிரிக்க முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்த பிறகு "கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓடுங்கள்" என்று என்னால் எழுத முடியாது. பகல் நேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஹோட்டல் ஊழியர்களின் வானில் வாருங்கள். "ஓட ஓடச் சரிவரும்" என்கிற வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனால் அவருக்கும் ஓட்டம் சரிவரும்.

திரும்ப ஓடத் தொடங்குகிற நாளுக்காக இதை வெட்டி வையுங்கள். ஹோட்டல் வெளிச்சத்திலிருந்து வந்த உடனே கிளம்பாமல் இருட்டில் பத்து நிமிடம் காருக்குள் இருங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். முதல் பத்து நிமிடத்திலேயே நல்ல பங்கு பழகிவிடும். அந்த நேரத்தில் போனைப் பார்த்தால் எல்லாம் வீண். உங்கள் கையிலுள்ள வெளிச்சங்களை முதலில் குறையுங்கள். டாஷ்போர்டு லைட்டைக் குறைக்கிற சில்லு இருந்தால் திருப்பிவிடுங்கள், போன் திரையை மடித்து வையுங்கள், பின்னால் பார்க்கிற உள் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்னப் பிடியைத் தட்டிவிடுங்கள். அந்தப் பிடியைப் பலபேர் வாழ்நாளில் தொட்டதே இல்லை. தட்டினால் பின்னால் வருகிற லைட்டில் கொஞ்சம்தான் கண்ணுக்கு வரும். றேடியோவையும் நிறுத்துங்கள். காதுக்கு வருவதும் அந்த ஒரே வடிக்குள்தான் போகிறது.

எதிர் லைட் வந்தால் இடதுபக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் நாட்டில் இடதுபக்கம் ஓடுவதால் டிம் லைட் இடதுபக்கம் கொஞ்சம் ஏறி அடிக்கிற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் வெளிச்சம் அதிக தூரம் போகிற இடம் அந்தக் கோடுதான். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள்: "லொறி, போகட்டும். சைக்கிள், இடதுபக்கம். கடை, எனக்கு வேண்டாம்." வாகனம் ஓடப் பழக்குகிறவர்கள் கையாள்கிற முறை இது. வேண்டாததை வாய் ஒதுக்கும்போது மூளைக்குச் சுமை குறைகிறது. பைத்தியக்காரி என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும், நானும் அப்படித்தான் ஓடுகிறேன். நிறுத்துவதற்கு இரண்டு இடத்தை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். மூச்சுப் பிடித்த பிறகு இடம் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, அறைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகிப்போய் வெளிச்சம் இன்னும் தாங்காமல் போகும். பகல் வெயிலில் போடுங்கள், அது நல்லது. கடற்கரை வெயிலில் வெறும் கண்ணோடு நின்றவர்களுக்கு அன்றிரவு இருட்டுப் பார்வை பிந்தித்தான் வருகிறது என்று 1940களிலேயே பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள்.

*

கேள்வி: அக்கா, எனக்கு வயது 54. கந்தளாயில் ஹயர் வான் ஓடுகிறேன். கட்டுநாயக்க எயார்போர்ட் ஹயர் என்றால் ராத்திரிப் பயணம்தான். எதிரில் வருகிறவங்களின் வெள்ளை லைட் தாங்க ஏலாமல் நானும் எல்.ஈ.டி. பல்பு மாட்டினேன். இப்போது பரவாயில்லை, ஆனால் எதிரில் வருகிறவன் எல்லாம் எனக்கு லைட் அடிச்சுக் காட்டுறான். ராத்திரி ஓடுவதற்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, வாங்கலாமா?

— வான்காரன், கந்தளாய்

பதில்: தம்பி, எதிரில் வருகிறவன் ஏன் லைட் அடித்துக் காட்டுகிறான் என்று யோசித்தீர்களா? அவன் இந்தப் பத்திரிகைக்கு எழுதியிருந்தால் உங்களைப் பற்றித்தான் எழுதியிருப்பான்.

உங்கள் வானின் முன்விளக்குக் கிண்ணம் ஹலோஜன் பல்புக்கென்று வளைத்தது. அந்தப் பல்பின் சுருள் இருக்கிற இடத்தை அளந்துதான் கிண்ணத்தின் ஒவ்வொரு மடிப்பும் வைக்கப்பட்டிருக்கிறது. எல்.ஈ.டி. பல்பில் வெளிச்சம் பிறக்கிற இடமும் வடிவமும் வேறு. கிண்ணம் குழம்பிப்போய் மேலேயும் பக்கத்திலும் இறைக்கும். நீங்கள் டிம்மில் இருந்தாலும் எதிராளிக்கு அது ஹை பீம்தான். உங்களுக்குக் கிட்டத்து றோட்டு வெள்ளையாகப் பளிச்சிடுவதால் நன்றாகத் தெரிகிற மாதிரி இருக்கும்; ஆனால் அந்தப் பளிச்சில் கண்மணி சுருங்கி, தூரம் கறுத்துப்போகும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் தூரத்தில் என்ன நிற்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிம் வெளிச்சம் யானையின் கால்களில்தான் படும். அதன் கண் அதற்கு மேலே இருட்டில் இருப்பதால் மற்ற மிருகங்களின் கண் மாதிரி மின்னிக் காட்டிக்கொடுக்காது. நாலு மரக்குற்றி நிற்கிறது என்று நினைத்துக் கிட்டப் போய்விடுவீர்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று செக்கன் கண் தெரியாமல் போனால் 50 மீற்றர் ஓடியிருப்பீர்கள்.

வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல விளக்கின் மேல் மஞ்சள் பூசியது. நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் யாரும் ஹபரணை றோட்டில் ராத்திரி ஓடிப் பார்த்திருக்க மாட்டார்கள். நீலம் தூக்கலாக உள்ள வெளிச்சம், அதே அளவு மஞ்சள் வெளிச்சத்தைவிடக் கண்ணை உறுத்தும். மின்சாரச் சிக்கனத்துக்கு அது வரம்தான், மறுக்கவில்லை.

"அப்படியென்றால் மஞ்சள் கண்ணாடி நீலத்தை வெட்டுமே" என்பீர்கள். வெட்டும். கூடவே றோட்டில் நடக்கிறவரின் மேல் பட்டு வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வெட்டும். 2019 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் 22 பேரை, வாகனம் ஓடுகிற மாதிரியே காட்டுகிற யந்திரத்தில் இருத்தி, மஞ்சள் கண்ணாடியோடும் இல்லாமலும், எதிர் லைட்டோடும் இல்லாமலும் சோதித்தார்கள். பாதசாரியைக் கண்டுபிடிக்க மஞ்சள் கண்ணாடி ஒரு உதவியும் செய்யவில்லை. போட்டவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு எண்ணம் வரும். அதுதான் எனக்குப் பயம்.

அந்தக் காசுக்குச் சொல்கிறேன். பழைய ஹலோஜன் பல்பைத் திரும்பப் போடுங்கள். விளக்கின் மேல்மூடியைப் பாருங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து எல்லாரும் பழைய வாகனத்தைத்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிளாஸ்டிக் மூடி வெயிலில் மஞ்சள் பூத்து, வெளிச்சத்தைப் பாதி விழுங்கிவிடும். பல்பைக் குறைசொல்லி எல்.ஈ.டி.க்குப் போகிறவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு பொலிஷ்தான். பிறகு ஆட்களும் பெட்டிகளும் ஏற்றிய நிலையில், சமதரையில், ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி டிம்மைப் போட்டுப் பாருங்கள். பின்பாரம் ஏறினால் முன்மூக்கு மேலே பார்க்கும், லைட்டும் கூடவே ஏறும். ஏழு பேரின் பெட்டியோடு கட்டுநாயக்க போகிற வான் எல்லாம் அப்படித்தான். லைட்டை இறக்குகிற சில்லு இருந்தால் இறக்குங்கள், இல்லாவிட்டால் கராஜில் இறக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வயதுக்கு இன்னொன்று. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேரும். வில்லை மஞ்சளாகி, கண்மணியும் முழுதாக விரியாது. மருந்து விட்டுக் கண் வில்லையைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் தொடங்குகிற ஒரு வகைக் கற்றாக்கு (கண்புரை), எழுத்தை வாசிக்க விட்டுவிட்டு எதிர் லைட்டில் மட்டும் கண்ணை மறைக்கும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் ஸ்ரெரோயிட் மருந்து நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும் அது அதிகம். சீனியையும் பாருங்கள், சீனி ஏறி இறங்கினால் கண்ணின் பவரே ஏறி இறங்கும். மருந்து விட்ட நாளில் வானை இன்னொருவர் ஓடட்டும்.

*

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் தாத்தா. என் மகனுக்கு 9 வயது, ஓட்டிசம். கண்டியில் கிளினிக் முடிந்து ராத்திரி கிண்ணியா வரும்போது எதிர் லைட் பட்டால் கத்தி, முகத்தில் அடித்துக்கொள்கிறார். ஊருக்குள் வந்து பாலத்தில் ஏறினால் இன்னும் மோசம். அவங்க வாப்பாவுக்கு ஓட ஏலாமல் போகுது.

— ஒரு தாய், கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம். (வெளியூர் வாசகர்கள் பயப்பட வேண்டாம், எனக்கு மீசை முளைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.)

பாலம் ஏன் மோசம் என்றால் அங்கே லைட் வரிசையாக, தாளம் தப்பாமல் வந்து வந்து போகிறது. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. நிலையான வெளிச்சத்தைவிடத் துடிக்கிற வெளிச்சம் இந்தப் பிள்ளைகளை அதிகமாக வருத்தும். 2009 இல் அந்தப் பாலம் திறந்தபோது, பாதைக்கு (வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைக்கு) காத்திருந்த காலம் முடிந்தது என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். உங்கள் மகனுக்கு மட்டும் அது வேறு கணக்கு.

அவர் அடம்பிடிக்கவில்லை, அவருக்கு உண்மையாகவே வலிக்கிறது. வாப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள். பின் சீற்றில் இடதுபக்கம், முன் சீற்றுக்கு நேர் பின்னால் இருத்துங்கள். எதிர் லைட் வலதுபக்கத்தால் வருகிறபடியால் முன் சீற்றே பாதியை மறைக்கும். நீண்ட விளிம்புள்ள தொப்பி. அவர் விரும்பினால், மூச்சு முட்டாத மெல்லிய துப்பட்டா ஒன்றைத் தானே இழுத்து மூட விடுங்கள். மற்றவர் மூடிவிட்டால் அது இன்னொரு தொல்லை. ஓடுகிற ஆள் கறுப்புக் கண்ணாடி போடக்கூடாது, பின்னால் இருக்கிற பிள்ளை அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் போடலாம். பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, "இப்போது பாலம், கண்ணை மூடி நூறு வரை எண்ணுவோம்" என்று சொல்லுங்கள். திடீரென்று வராதது பாதித் தொல்லை. போனைக் கையில் கொடுக்காதீர்கள், அது மூக்குக்கு முன்னால் இன்னொரு ஹெட்லைட்.

முடிந்தால் கண்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கிளம்புங்கள். கிளினிக்கில் காலை இலக்கம் தரச்சொல்லிக் கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளையின் நிலையைச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள்.

*

கேள்வி: ஹை பீமை இறக்காமல் வருகிறவனுக்குத் திருப்பி ஹை பீம் அடிச்சால்தானே புத்தி வரும்?

— இளைஞர், மூதூர்

பதில்: அடித்தால் ஒரே றோட்டில் கண் தெரியாத ஓட்டக்காரர் இரண்டு பேர். அதில் ஒருவர் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்.

யுத்தத்தின் செக்பொயின்ற் காலத்தில் ராத்திரி ஹெட்லைட்டை அணைத்து, உள்லைட்டைப் போட்டு ஊர்ந்து போவோம். லைட்டை இறக்காமல் போக யாருக்கும் துணிவு இருக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டாம். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்.

ஒரு தரம் தட்டிக் காட்டுங்கள், அவ்வளவுதான். பிறகு வேகத்தைக் குறைத்து இடது கோட்டைப் பிடியுங்கள். இறக்கவில்லை என்று நீங்கள் நினைக்கிற பலபேர் இறக்கித்தான் வைத்திருப்பார்கள், தம்பி. கந்தளாய் வானைப் போல, அவர்களுடைய டிம்மே அப்படித்தான் அடிக்கும்.